கரட்டு உச்சியில் ஒரு ‘வாரேன்’

எழுமலை
2.9.2024

அன்புள்ள ராஜாராம் அண்ணனுக்கு,

பாண்டிராஜ் எழுதுவது. போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். வாட்ஸப்பில் பிளாக் செய்துவிட்டீர்கள் என்பது ஒற்றை டிக்கிலேயே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தேன். மதினி கதவைப் பாதி திறந்து, “தூங்குறாரு டாக்டர் தம்பி” என்றார்கள். உள்ளே யாரோ டிவியில் சேனல் மாற்றுகிற சத்தம் கேட்டது. தூக்கத்தில் சேனல் மாற்றுகிற மனுஷரை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தவர், எனக்கு மட்டும் லைனை வெட்டிவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். தபால்காரரை நீங்கள் பிளாக் பண்ண முடியாது.

ஆடிக் கடைசி ஞாயிறு நரிமூக்குக் கரட்டில் நடந்ததை நான் பார்த்த வரைக்கும் எழுதுகிறேன். வாடிப்பட்டிக்கு மேற்கே கிடக்கிற அந்த மொட்டைப் பாறை மேட்டில் நாம் சைக்கிளோடு ஏறி இறங்காத ஞாயிறு உண்டா? உச்சியில் தடம் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஆட்டுத்தடம், வலது பக்கம் பாறைச் சரிவு. இரண்டும் கீழே உடைமரத்துப் பக்கம் ஒன்றாகச் சேரும். ஒருத்தர் அடிவாரம் வரை இறங்கி விசில் அடித்த பிறகுதான் அடுத்தவர் இறங்க வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம். அன்றைக்கு நான் சொல்லிவிட்டுத்தான் வலது பக்கம் இறங்கினேன். கீழே வந்து விசில் அடித்தேன். நீங்கள் வரவில்லை. தண்ணீர் குடிக்கிறீர்கள், சீட்டைச் சரி பண்ணுகிறீர்கள் என்று நின்றேன். அப்புறம் மனசு கேட்காமல் சைக்கிளைப் போட்டுவிட்டு மேலே ஓடி வந்தேன்.

உடைமரத்தடியில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஒன்றே ஒன்றுதான் சொன்னீர்கள். “என்னைய வெட்டிட்டுப் போயிட்டேல்ல.” அதோடு சரி. ஆட்டோவில் ஆஸ்பத்திரி வந்து சேரும் வரை வாயே திறக்கவில்லை. காறை எலும்பு முறிந்த வலியில் பேசாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்தேன். வாரக்கணக்காகியும் பேசவில்லை என்றால் வலிப்பது எலும்பு இல்லை என்று எனக்கும் புரிகிறது.

அண்ணே, நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. திட்டுவதென்றாலும் எழுதித் திட்டுங்கள். கை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாரேன்.

உங்கள் தம்பி,
பாண்டிராஜ்


மதுரை
11.9.2024

கால்நடை மருத்துவர் திரு. பாண்டிராஜ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எலும்பு கூடி வருகிறது. முறிந்தது இடது பக்கம் என்பதால் எழுத முடிகிறது. துண்டைக் கிழித்து நீங்கள் போட்ட தூக்குக் கட்டைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி டாக்டர் யார் கட்டியது என்று கேட்டார். மாட்டு டாக்டர் என்றேன். நல்ல கட்டு என்றார். நியாயத்துக்காக இதைத் தெரிவிக்கிறேன்.

ராதாமணியைப் பொய் சொல்ல வைத்தது நான்தான். அவள் மேல் குறை வேண்டாம்.

சொல்லிவிட்டுத்தான் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சொன்னீர்கள் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். நான் சொல்கிறேன். நான் இடது பக்கம் திரும்பி ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டிருந்தேன். பாறைக்கு அந்தப் பக்கம் இருந்து “அண்ணே, வாரேன்” என்று குரல் கொடுத்தீர்கள். வாரேன் என்றால் என்ன? நீங்க முன்னால போங்க, நான் பின்னால வாரேன் என்றுதானே? சரி, இன்றைக்கு நம்மை முதலில் விடுகிறான் என்று சந்தோஷப்பட்டேன். ஆட்டுத்தடத்தில் இறங்கினேன். தடம் சேருகிற இடத்தில், பின்னால் வருவதாகச் சொன்ன ஆள், வலது பக்கப் பாறையிலிருந்து என் முன்சக்கரத்துக்கு முன்னால் வந்து குதித்துப் பறந்து போகிறார். முன்பிரேக்கை அழுத்தாமல் என்ன செய்வேன்? சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் போனீர்கள்.

வயசானவன் பின்னால் உருட்டிக்கொண்டு வர உங்களுக்குப் பொறுமை இல்லையென்றால் அதை முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். அறுபத்தேழு வயசில் எனக்கு அது ஒன்றும் புது விஷயம் இல்லை. பஸ்ஸில் இடம் விடுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். இனி நீங்கள் வேகமான ஆட்களோடு போகலாம்.

கடிதத்தின் கடைசியிலும் வாரேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே வருகிறீர்கள் என்று விளங்கவில்லை. வர வேண்டாம்.

இப்படிக்கு,
எஸ். வி. ராஜாராம்


எழுமலை
17.9.2024

அண்ணே,

உங்கள் கடிதத்தை எங்கள் மாட்டாஸ்பத்திரி வாசலில் நின்று படித்தேன். ‘திரு’வும் ‘அவர்களு’மாகப் போட்டு என்னை யாரும் இப்படி அடித்ததில்லை. இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. கோபப்படாமல் கேளுங்கள்.

அந்த நேரம் நம்ம நல்லகாமன் நொண்டுகிற கிடாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றார். கரட்டில் ஆடு மேய்ப்பாரே, நம்மைப் பார்க்கும்போதெல்லாம் “ஏறுறதே எதுக்கு, எறங்குறதுக்கா” என்று கேட்பாரே, அவர்தான். அவரிடம் கேட்டேன்.

“ஏண்ணே, ஒரு ஆளு வாரேன்னு சொன்னா என்ன அர்த்தம்?”

“எங்க நின்னு சொன்னாரு சார்?”

“எங்க நின்னு சொன்னா என்ன?”

“வாசல்ல நின்னு சொன்னா கெளம்புறாரு. தெருவுல நின்னு சொன்னா வாராரு. இதுகூடத் தெரியாமயா ஊசி போடுறீக?”

அண்ணே, நடந்தது அவ்வளவுதான். எனக்கு அந்த உச்சி வாசல். உங்களுக்கு அது தெரு. நான் கிளம்புகிறேன் என்று சொன்னேன். நீங்கள் பின்னால் வருகிறான் என்று கேட்டீர்கள். பாறை நடுவில் நின்றுகொண்டதால் நான் எந்தப் பக்கம் நகர்ந்தேன் என்று உங்களுக்குத் தெரியவில்லை, நீங்கள் இறங்கிவிட்டது எனக்குத் தெரியவில்லை.

போறேன் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் எவனாவது படியில் நின்று போறேன் என்று சொல்லிவிட்டால் அம்மா அவனைத் திரும்ப உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்துத்தான் மறுபடி அனுப்பும். பஸ் போனாலும் சரி. அப்படி வளர்ந்த வாயில் எந்த அவசரத்திலும் வாரேன்தான் வரும். அதுவும் கால் தவறினால் பல் போகிற இடத்தில் நின்றுகொண்டு போறேன் என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?

உங்களைத் தாண்டிப் போகிறேன் என்றே எனக்குத் தெரியாது. காற்றுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கீழே போய்ச் சேருகிற வரை, நீங்கள் மேலே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றே நினைத்து, கொஞ்சம் அழகாக வேறு ஓட்டினேன்.

வேகமான ஆட்களோடு போகச் சொன்னீர்கள். போன ஞாயிறு போனேன். மதுரையிலிருந்து வந்த பசங்கள், நல்ல பசங்கள்தான். ஏறினார்கள், இறங்கினார்கள், வீடியோ எடுத்தார்கள், அடுத்த மலைக்குக் காரில் கிளம்பிவிட்டார்கள். உச்சியில் ஒருத்தன்கூட உட்காரவில்லை. எனக்கு ஏறின மாதிரியே இல்லை.

முடிக்கிறேன். அந்த வார்த்தையை இனி எழுதுவதாக இல்லை.

பாண்டிராஜ்


மதுரை
26.9.2024

பாண்டி,

கடிதத்தை ராதாமணியிடம் கொடுத்தேன். சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். எங்கள் வீட்டு சௌராஷ்டிர பாஷையிலும் இதே கதைதான் என்று ஞாபகப்படுத்தினாள். கிளம்புகிறவன் போய் வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்க நானும் வாசலில் நின்று அதைத்தான் சொல்லியிருக்கிறேன். என் வேலையே ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குச் சரியாகக் கேட்கிறதா என்று பார்ப்பது. கடைசியில் பத்தடி தூரத்தில் சொன்ன ஒற்றை வார்த்தையைத் தப்பாகக் கேட்டுவிட்டு, உன்னை வாரக்கணக்காகக் காய்ச்சியிருக்கிறேன். மனசில் வைத்துக்கொள்ளாதே.

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனால் போன் பண்ணாதே. நீ போனில் பேசினால் நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றுவிடுவேன். இப்போது சொல்லப் போவதை மறுக்காமல் கேட்க வேண்டும்.

சைக்கிளைப் பையன் பாலகணேஷுக்குக் கொடுத்துவிடப் போகிறேன். தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து காரில் வருகிறான். திரும்பும்போது பின்சீட்டை மடக்கி எடுத்துக்கொண்டு போகட்டும். இப்போதே கூடத்துக் கொக்கியில் மாட்டி, பெட்ஷீட்டால் மூடி வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லோரும் போதும் என்கிறார்கள். டாக்டரும் இந்த வயசு எலும்பு அப்பளம் மாதிரி என்கிறார். எனக்கும் போதும் என்றுதான் தோன்றுகிறது.

குறையாக நினைத்துச் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்ததே அதிகம். வேலைக்குச் சைக்கிளில்தான் போனேன், இந்த ஊரில் என் வயசுக்காரர்கள் எல்லோரையும் போல. ரோட்டில் ஓட்டுவதற்குக் காலும் மணியும் இருந்தால் போதும். நம் பாட்டுக்கு வீட்டு நினைப்பில் மிதித்துக்கொண்டே வந்து சேர்ந்துவிடலாம். ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரைக்காக நடக்கச் சொன்னார்கள். பார்க்கில் நடந்தேன். முதல் சுற்றில் அவரவர் வியாதி, இரண்டாவது சுற்றில் அவரவர் மருமகள். மூன்றாவது சுற்றுக்கு நான் நிற்கவில்லை.

கரட்டில் அப்படி இல்லை. அங்கே தடம் வேறு எதையும் நினைக்க விடாது. அடுத்த கல், அதற்கு அடுத்த கல், அதற்கப்பால் மண் இறுகியிருக்கிறதா, பொடியாகக் கிடக்கிறதா, இது மட்டும்தான் மண்டையில் இருக்கும். ஒரு மணி நேரம் ஒரு கவலையும் கிட்ட வராது. கோயிலில் கண்ணை மூடி நின்றால்கூட எனக்கு அது வாய்த்ததில்லை. உச்சிக்குப் போய் மூச்சு அடங்கும்போது கீழே கால்வாயும் தென்னந்தோப்பும் சிறுமலை வரிசையும் தெரியும். மீனாட்சி கோயில் கோபுரம் தெரியுதண்ணே என்று நீ சாதிப்பாய். எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. உனக்கும் தெரிந்திருக்காது என்பது என் கட்சி.

அதெல்லாம் அனுபவித்தாகிவிட்டது. விடு.

ராஜாராம்


எழுமலை
14.10.2024

அண்ணே,

மறுக்காமல் கேட்கச் சொன்னீர்கள். கேட்டேன். இப்போது மறுக்கிறேன்.

உங்களை முதலில் பார்த்த நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. ஆட்டுக்குத் தடுப்பூசி போட பைக்கில் கரட்டடிக்கு வந்தேன். வெள்ளைத் தலை, முழுக்கைச் சட்டை, பேன்ட் காலில் ரப்பர் பேண்டு. ஒரு மனுஷர் சைக்கிளைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாறையில் ஏறிப் போகிறார். சைக்கிளைத் திருடிக்கொண்டு ஓடுகிறவர்கூட இந்தப் பக்கம் ஓட மாட்டாரே, யாருக்கோ புத்தி பிசகிவிட்டது என்று பின்னாலேயே வந்தேன். உச்சியில் வந்து பார்த்தால் நீங்கள் குத்தவைத்து உட்கார்ந்து சரளைக் கல்லைக் கையால் அள்ளி அள்ளிப் பார்க்கிறீர்கள். “என்ன சார் தேடுறீங்க” என்றேன். “வழி” என்றீர்கள். அதற்கப்புறம் சீட்டிலிருந்து எழுந்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, ஒரு அவசரமும் இல்லாமல் இறங்கிப் போனீர்கள். நான் நடந்து இறங்கவே பயப்படுகிற இடம் அது. மறுமாசமே கடன்காரன் மாதிரி உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, எனக்கும் ஒரு சைக்கிள் பார்த்துக் கொடுங்கள் என்றேன்.

நான் இதுவரைக்கும் இதை உங்களிடம் சொன்னதில்லை. நேரில் சொன்னால் “போதும்டா” என்று வாயை அடைத்துவிடுவீர்கள். கடிதம் என்பதால் மாட்டிக்கொண்டீர்கள். உங்களை மாதிரி ஓட்டுகிற ஒருத்தரை நான் பார்த்ததில்லை. வேகம் கிடையாது. தாவ மாட்டீர்கள். ஆனால் நீங்கள் இறங்கின தடத்தில் பின்னால் வந்து பார்த்தால் டயர் ஒரு இடத்தில்கூட இழுத்திருக்காது. கல் ஒன்றுகூட இடம் மாறியிருக்காது. கல்லிடம் அனுமதி கேட்டு நடக்கிற மாதிரி ஓட்டுவீர்கள். ஏற்றத்தில் முடியவில்லை என்றால் கூச்சமே படாமல் இறங்கித் தள்ளுவீர்கள். நான் பல்லைக் கடித்து மிதித்து மூச்சு வாங்கி நிற்பேன். “தள்ளுறதும் ஓட்டுறதுதான் மாப்ள” என்று என்னைத் தாண்டிப் போவீர்கள். அதை நினைத்து எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் பொறுமையாக வேலை பார்த்திருக்கிறேன் தெரியுமா?

நேற்று தனியாகப் போனேன். மழை பெய்து கரடு முழுக்கப் பச்சை. பாறை இடுக்கில் தும்பை பூத்துக் கிடக்கிறது. உடைமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இரண்டு தடத்திலும் நடந்து ஏறி, நடந்து இறங்கிப் பார்த்தேன். நீங்கள் வந்த வழியில் ஒரு தப்பும் இல்லை. திடீரென்று முன்னால் ஒரு தடியன் குதித்தால் இருபது வயசுப் பையனும் பிரேக் பிடிப்பான், அவனும் விழுவான். உங்களைத் தள்ளியது வயசு இல்லை அண்ணே. நான்தான்.

பாலகணேஷ் தங்கமான பிள்ளை. ஆனால் பெங்களூரில் ஒன்பதாவது மாடி பால்கனியில் அந்த சைக்கிள் ஜட்டி பனியன் காயப்போடத்தான் ஆகும். யோசியுங்கள்.

கோபுரம் தெரிந்தது. நான்கும் தெரிந்தது.

பாண்டிராஜ்


மதுரை
19.10.2024

பாண்டி,

கோபுரம் பொய். மற்றதெல்லாம் படித்தேன். ஒரு தடவைக்கு மேலேயே படித்தேன். இத்தனை நாள் என் பின்னால் வந்தவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தான் என்று தெரியாமலே இருந்திருக்கிறேன். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கடைக்குப் போய் வந்தேன் என்றால் பார்த்துக்கொள்.

நீ உண்மையை எழுதினதால் நானும் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் போதும் என்கிறார்கள் என்று எழுதினேனே, அது சும்மா. டாக்டர் சொன்னதும் பாதிதான். ஆறு மாசம் கழித்து ஓட்டலாமா என்று நான் கேட்டதற்கு அதற்கு முன்னாலேயே ஓட்டலாம், பார்த்து ஓட்டுங்கள் என்றார். அதை மறைத்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது பாண்டி. உன் மேல் கோபம் இருந்த வரைக்கும் அது தெரியவில்லை. நான் விழவில்லை, நீ தள்ளிவிட்டாய் என்று இருந்தது. நீ வாரேன் விவகாரத்தை விளக்கி எழுதினாய், கோபம் போனது. போனதும் அது உட்கார்ந்திருந்த இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது. உன்னைக் காய்ச்சிக்கொண்டு இருந்தபோது நன்றாகத் தூங்கினேன்.

போன செவ்வாய் ராதாமணி தெற்கு மாசி வீதிக்குப் போயிருந்த நேரம் சைக்கிளை இறக்கினேன். கை வலிக்கவில்லை. எங்கள் பந்தடித் தெருவில்தான் ஓட்டிப் பார்த்தேன். தெருமுனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. பிள்ளைகள் பொம்மை சைக்கிளில் ஏறி இறங்குகிற மேடு. அதன் உச்சிக்கு வந்ததும் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.  இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். தள்ளுவதும் ஓட்டுவதுதான் என்று உன்னிடம் சொன்னவன்தான். இது அந்தத் தள்ளல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியுமே, இறங்கும்போது கண் எங்கே நிற்கிறதோ சக்கரம் அங்கேதான் போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்தில் விழுவோம், அதைத் தாண்டி இருக்கிற வழியைப் பார்த்தால் தாண்டிவிடுவோம். இதில் இளவட்டம், கிழவட்டம் கிடையாது. அதனால்தான் இந்த வயசில் என்னால் முடிந்தது. காலில் பலம் குறையக் குறையக் கண்ணுக்கு விவரம் கூடிக்கொண்டே வந்தது. அது ஒரு பெரிய சந்தோஷம். எல்லாம் குறைந்துகொண்டே போகிற வயசில் ஒன்று மட்டும் கூடுகிறது. இப்போது கண்ணை மூடினால் எனக்கு வழி தெரியவில்லை. உடைமரத்தடி மட்டும்தான் தெரிகிறது. பார்க்கிற இடத்துக்குத்தானே போவேன்?

ராதாமணி இன்னொன்று சொன்னாள். அன்றைக்கு நான் அவளிடம் சொல்லாமல் கிளம்பினேனாம். உண்மைதான். தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். விழித்துத்தான் இருந்தாளாம், வாசலில் குரல் வரும் என்று. விழுந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இதை மட்டும்தான் கேட்டாள். அதிலிருந்து அந்த சைக்கிளைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

பையன் வரட்டும், எடுத்துக்கொண்டு போகட்டும். என்னைக் கோழை என்று எழுதாதே. எனக்கே தெரியும்.

ராஜாராம்


எழுமலை
23.10.2024

அண்ணே,

கோழை என்று யார் எழுதுவது? சினை பார்ப்பதற்காக மாட்டுக்குப் பின்னால் கை விடும்போது ஒரு தடவை உதை வாங்கினேன். அடுத்த மூன்று மாசம் எந்த மாட்டுக்கும் பின்னால் போகாமல் காது, மூக்கு, கண் என்று முன்பக்க வைத்தியமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரே சிரித்தது. அப்புறம் சரியாகப் போனது. எப்படிச் சரியானது என்று கேட்காதீர்கள், ஒரு மாடு பாவம் பார்த்தது, அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பார்சல் வந்திருக்கும். பிரித்ததும் திட்டாதீர்கள். ஆட்டுமணி. நல்லகாமன் கொடுத்தது. கிடாய்க்குக் கால் சரியானதற்கு எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார், இரண்டு மணி வேண்டும் என்றேன். “எதுக்கு சார், நீங்களும் மேயப் போறீகளா” என்று கேட்டுக்கொண்டேதான் அவிழ்த்துக் கொடுத்தார். ஒன்றை என் சைக்கிளில் சீட்டுக்கு அடியில் கட்டிவிட்டேன். மற்றது உங்களுக்கு.

நிற்கும்போது சும்மா இருக்கும். நகர்ந்தால் சத்தம் போடும். பாறைக்கு அந்தப் பக்கம் நின்றாலும் ஆள் எங்கே இருக்கிறார், கிளம்பிவிட்டாரா, எந்தத் தடத்தில் வருகிறார் என்று காதாலேயே தெரிந்துவிடும். போறேனும் வேண்டாம், அந்த இன்னொன்றும் வேண்டாம். நம்ம வாயை நம்பி இனி மலை ஏற முடியாது.

கரட்டுக்கு வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. வேகத்தடையையும் தாண்டச் சொல்லவில்லை. கட்டி மட்டும் வையுங்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மணியோடு கொடுத்துவிடுங்கள். பெங்களூரில் ஏதோ ஒரு ஆட்டுக்கு மணி இல்லாமல் இருந்தது என்று நினைத்துக்கொள்கிறேன்.

இது கேலி இல்லை. நீங்கள் வராத ஞாயிறுகளில் நான் உச்சியில் போய் உட்காருகிறேன், பக்கத்தில் திட்ட ஆள் இல்லை. கோபுரம் தெரிகிறது என்று யாரிடம் பொய் சொல்வது?

மதினிக்கு என் வணக்கம். தீபாவளிக்கு அதிரசம் எனக்கும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பாண்டிராஜ்


மதுரை
4.11.2024

மாப்ள,

கோபுரம் பொய் என்று கடைசியில் ஒத்துக்கொண்டாய். அந்த வரியைப் பேனாவால் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

மணி வந்தது. முதலில் திட்டத்தான் செய்தேன். மாட்டு டாக்டர் என்னை ஆட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டான் என்று ராதாமணியிடம் சொன்னேன். அப்புறம் பழைய வயர் ஒன்றை எடுத்து, நீ சொன்ன இடத்தில் முறுக்கிக் கட்டினேன். கட்டிவிட்டு மறுபடி பெட்ஷீட்டைப் போட்டு மூடிவிட்டேன். பையனுக்கு ஒரு அடையாளமாக இருக்கட்டும் என்றுதான்.

தீபாவளி முடிந்து நேற்றுக் காலை பாலகணேஷ் கிளம்பினான். காரின் பின்சீட்டை மடக்கிவிட்டு வந்து, கொக்கியிலிருந்து சைக்கிளை இறக்கினான். இறக்கும்போது மணி சத்தம் போட்டது. இத்தனை நாள் சத்தமே இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது இல்லையா, வீட்டுக்குள் ஏதோ ஆடு புகுந்துவிட்ட மாதிரி இருந்தது. அடுப்படியிலிருந்து ராதாமணி கரண்டியோடு வந்தாள். அவள் எங்கள் பாஷையில் சொன்னதை உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

“அத ஏன்டா எடுக்குற?”

“அப்பாதான் கொண்டு போகச் சொன்னாரு. உனக்குப் பிடிக்கலையாம்ல?”

என்னைப் பார்த்தாள். நான் குனிந்து, கீழே கிடந்த பெட்ஷீட்டை மடிக்க ஆரம்பித்தேன்.

“நான் எப்ப ஓட்ட வேணாம்னு சொன்னேன்? சொல்லிட்டுப் போங்கன்னுதான சொன்னேன்.”

மாப்ள, எனக்கு அழுகை வந்துவிட்டது. பையன் முன்னால் என்று அடக்கவும் இல்லை. சொல்லாமல் போனதற்காக வருத்தப்பட்டவளை, போகவே கூடாது என்று சொன்னவளாக ஆக்கி, அவள் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறேன். உன் ஒற்றை வார்த்தையைத்தான் தப்பாகக் கேட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்குள்ளும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன். பாலகணேஷ் பின்சீட்டை நிமிர்த்திவிட்டு, அந்த இடத்தில் முறுக்கு டின்னையும் அதிரசத்தையும் ஏற்றிக்கொண்டு போனான். உன் பங்கு இங்கே தனியாக இருக்கிறது.

அவன் கார் திரும்பியதும் நான் உள்ளே போகவில்லை. சைக்கிளை எடுத்தேன். தெருமுனை வரைக்கும்தான். வேகத்தடைக்குக் கிட்டே போகும்போது மறுபடி அந்தப் பயம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், பிரேக்கில் கை போய்விட்டது. ஆனால் சீட்டுக்கடியில் மணி விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் எனக்கு மேட்டைப் பார்க்கத் தோன்றவில்லை. அதற்கு அப்பால் பால் பூத் தெரிந்தது. பால் பூத்தைப் பார்த்தேன். சக்கரம் அங்கே போய்விட்டது. ஒரு வேகத்தடையைத் தாண்டியதற்கு இத்தனை சந்தோஷப்படலாமா என்றால், படலாம். அங்கேயே திருப்பி மறுபடி தாண்டினேன். பால் வாங்க நின்றவர்கள், ராஜாராம் சாருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

திரும்பி வந்தால் ராதாமணி வாசலிலேயே நிற்கிறாள்.

“போறப்பயும் கேட்டுச்சு. வாரப்பயும் கேட்டுச்சு” என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். டெலிபோன் இலாகாவில் இருந்தபோதுகூட எனக்கு இப்படி ஒரு லைன் கிடைத்ததில்லை.

வருகிற ஞாயிறு நரிமூக்குக் கரடு. வாடிப்பட்டி வரை ரோட்டில் நானே மிதித்து வருகிறேன். ஏற்றத்தில் தள்ளுவேன், நல்ல தள்ளல். இறக்கத்தில் தடம் சேருகிற இடத்தை முதலில் நடந்து பார்ப்பேன், சரளையைக் கையில் அள்ளிப் பார்ப்பேன். ஓட்டலாம் என்று கண் சொன்னால் ஓட்டுவேன். சொல்லாவிட்டால் உடைமரம் வரை தள்ளிக்கொண்டு போய், அதற்குக் கீழே ஏறிக்கொள்வேன். எதுவாக இருந்தாலும் முதலில் நான். நீ மேலே உட்கார்ந்து என் மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிரு. அடிவாரத்திலிருந்து விசில் வந்த பிறகு நீ வா.

நீ கைவிட்ட வார்த்தையை நான் எடுத்துக்கொள்கிறேன். மணி இருந்தாலும் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று இந்த வீட்டில் இப்போது சட்டம். நல்லகாமன் சொன்னது சரிதான், எங்கே நின்று சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஞாயிறு விடிகாலை ராதாமணியிடம் இதை வாசலில் நின்று சொல்வேன். உனக்கு இப்போதே தெருவில் நின்று சொல்கிறேன்.

வாரேன்.

ராஜாராம்